சிவப்புக் காருக்கு நான்கு மட் ஃபிளாப்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் என் காதில் நிஜமாக விழுந்தது ஒரே ஒரு வாக்கியம்தான். மீதியெல்லாம் நான் கட்டிவிட்டது.

என் மேசை இரண்டாவது மாடி ஜன்னலோரம் இருக்கிறது. கீழே வண்டி நிறுத்துமிடம். நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை, அங்கே நிற்கும் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் பக்கத்தில் இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கால்களுக்கு உரியவர் மற்ற பாதியைச் சக்கரத்துக்குள் நுழைத்திருந்தார். காருக்குப் பின்னால் மஞ்சள் ஹெல்மெட் மாட்டிய ஒரு ஸ்கூட்டர். கால்களுக்கு அருகில் பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டி, அதில் கறுப்பு ரப்பர்த் துண்டுகள். சக்கரம் வாரியடிக்கும் சேறு பின்னால் தெறிக்காமலிருக்கத் தொங்கவிடுகிறார்களே, மட் ஃபிளாப், அதுதான்.* காருக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"அசையாம இருங்க."

மனிதர் அசையவில்லை. நான் பேனாவை எடுத்தேன்.

(* மட் ஃபிளாப்பால் மாட்டுகிறவருக்குப் பெரிய லாபம் கிடையாது, பின்னால் வருகிறவருக்குத்தான் லாபம். இதைக் கதைக்குள் சொன்னால் உபதேசம் ஆகிவிடும் என்று இங்கே ஒதுக்கி வைக்கிறேன்.)

2.

தொடக்கம் சட்டென்று அமையவில்லை.

மழையைக் கிழித்துக்கொண்டு சீறிப் பாய்ந்த அந்தச் சிவப்புக் கார், ஒரு —

அடுத்த வார்த்தை சிறுத்தை என்று எனக்கே தெரிந்துபோனதால் நிறுத்திவிட்டேன்.

வேகத்தின் மீது மனிதனுக்குள்ள தீராத —

இது பள்ளிக்கூடக் கட்டுரை. அடித்தாயிற்று.

இரண்டு சீட் உள்ள கார். மூன்று பேர் உள்ள குடும்பம்.

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டே போகிறேன்.

3.

அவர் தையல்காரர், கோட்டு தைப்பதில் கெட்டிக்காரர். தையல்காரருக்கு ஏது ஸ்போர்ட்ஸ் கார் என்று நீங்கள் முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. நானும் சுளித்தேன். ஆனால் சக்கரத்தடியிலிருந்து ஒரு தடவை வெளியே வந்த கையில், துணியில் கோடு போடுகிற தட்டையான தையல் சாக்கட்டி இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதனால் கார் மூன்று கை மாறிய வண்டி என்று வைத்துக்கொள்வோம். கோட்டு தைக்க வந்த ஒருவரிடம் பேச்சுவாக்கில் கேட்டு, பேச்சுவாக்கிலேயே வாங்கிவிட்டார். வீட்டுக்கு ஓட்டி வந்த பிறகுதான் சீட்டை எண்ணினார்.

அவர் மனைவி பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். (அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு வேறு என்ன வேலை கொடுப்பது?) மகள் முதல் வகுப்பு, வீட்டில் பட்டாணி என்று கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம், கடை, ஆஸ்பத்திரி மூன்றும் ஒரே ரோட்டில். காலையில் காரில் அப்பாவும் பட்டாணியும். பின்னாலேயே ஸ்கூட்டரில், மஞ்சள் ஹெல்மெட்டோடு, அம்மா.

"நீ பின்னாலேயே வா, கண்ணாடியில உன்னைப் பாத்துக்கிட்டே போறேன்" என்று முதல் நாள் அவர் சொன்னார். மூன்று பேரும் ஒன்றாகப் போகிறோம் என்றுதான் அவர் நம்பினார். அந்த நம்பிக்கையில் கள்ளம் எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை நல்ல மழை. பெட்ரோல் பங்க் முனையில் தேங்கியிருந்த தண்ணீரில் கார் இறங்கி ஏறியது. சாயங்காலம் அவள், சேறு போகத் துவைத்த யூனிஃபார்மை மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"பேஷன்ட் ஒருத்தர் கேட்டாரு, கீழே விழுந்துட்டீங்களாம்மான்னு."

"ஐயையோ. நான் பாக்கலையே."

"சரி விடுங்க. திங்கக்கிழமையிலேர்ந்து நான் பாலத்து ரோட்டுல சுத்திப் போய்க்கிறேன். நீங்க ரெண்டு பேரும் எப்பவும் போல போங்க."

சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பார். இது சண்டை இல்லை. அவள் பின்னால் வராத ஒரு காலையை நினைத்துப் பார்த்தார், பிடிக்கவில்லை. சனிக்கிழமை கடையை மூடிவிட்டு நேராகப் போய் அட்டைப்பெட்டியை வாங்கி வந்தார். திங்கட்கிழமை அவள் எந்த ரோட்டில் போகப்போகிறாள் என்பதுதான் அவருக்குக் கவலை. எனக்கும் அதேதான்.

4.

முதல் வரைவில் அவரை நான் இப்படி வேலை செய்ய வைத்தேன். நான்கு பக்கமும் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினார். ஃபிளாப்பைச் சக்கரத்துக்குப் பின்னால் பிடித்து, டயரின் அடியிலிருந்து நான்கு விரல் மேலே நிற்கிற மாதிரி சாக்கட்டியால் குறித்தார். ஓட்டை போட்டார், ஸ்க்ரூ முடுக்கினார். நாலு சக்கரமும் முடிந்தது. கச்சிதம்.

சாயங்காலம் என் மச்சினன் வந்தான். பாங்கில் வேலை, சொந்தமாகக் கார் வைத்திருக்கிறான். படித்துவிட்டுச் சிரிசிரியென்று சிரித்தான்.

"அத்தான், நீங்க ஜாக்கியே பாத்ததில்லையா?"

"ஏன்டா?"

"வண்டியைத் தூக்கினா சக்கரம் கீழே தொங்கும். இறக்கினதும் மேலே ஏறிடும். நீங்க விட்ட நாலு விரலும் போச்சு. ஃபிளாப் ரோட்டைப் பெருக்கிக்கிட்டே போகும்."

அவன் போன பிறகு அந்தப் பக்கத்தைக் கிழிக்கத்தான் கையை ஓங்கினேன். பிறகு தோன்றியது, என் தப்பை அவருக்கே கொடுத்துவிட்டால் என்ன? நாள் முழுக்க அளவெடுக்கிற மனிதர், அவசரத்தில் அந்தரத்தில் தொங்குகிற காலுக்கு அளவெடுக்கிறார். நான் செய்தால் அறியாமை. அவர் செய்தால், பாவம், அது பயம். அப்படியே விட்டுவிட்டேன்.

5.

ஜாக்கிகளை இறக்கினார். நான்கு ஃபிளாப்பும் தரையில் மடங்கின.

சத்தம் இல்லாததைக் கேட்டு அவள் வீட்டிலிருந்து இறங்கி வந்தாள். (இந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஸ்பேனர் சத்தம் நின்றுவிட்டது என்று பொருள்.)

"என்னாச்சு?"

"தரையில இடிக்குது."

அவள் குனிந்து பார்த்தாள். "தூக்கி வெச்சா அளவெடுத்தீங்க?"

அவர் சாக்கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடையில யாராவது நுனிக்கால்ல நின்னா என்ன சொல்வீங்க?"

"காலை ஊனி நில்லுங்கன்னு சொல்வேன்."

"காருக்கு மட்டும் என்ன சலுகை?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் சிரிப்பு. "ஆள் உட்கார்ந்தா இன்னும் ஒரு விரல் இறங்கும். கொஞ்சம் உள்ள உட்காரேன், சரியாக் குறிச்சிடறேன்."

அவள் பழக்கதோஷத்தில் பட்டாணியின் சீட்டுப் பக்கம் போனாள்.

"அங்க இல்ல, இங்க. ஸ்டியரிங்கை ஒடிக்கணும், டயர் ஃபிளாப்ல உரசுதான்னு பாக்கணும்."

அவளுக்குக் கார் ஓட்டத் தெரியும். லைசென்ஸ் இருக்கிறது. இந்தக் காரை எடுக்காதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எடு என்றும் சொன்னதில்லை. அவள் உட்கார்ந்தாள். சீட் தாழ்வாக, காலை நீட்டிக்கொள்ள வசதியாக இருந்தது. இவ்வளவு சுகமா என்று நினைத்தாள். (மூன்று கை மாறிய வண்டி, ஸ்டியரிங் பூட்டு எப்போதோ போய்விட்டது. சாவி இல்லாமலே திரும்பும்.)

"லெஃப்ட்ல ஒடி. இன்னும். முழுசா."

"விரலை எடுங்க."

"எடுத்துட்டேன். இப்ப ரைட்ல."

ஸ்டியரிங் திரும்பவில்லை. குரல் மட்டும் வந்தது.

"அசையாம இருங்க."

தன் விரலுக்காகச் சொல்கிறாள் என்று நினைத்து அவர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார். அவள் பார்த்துக்கொண்டிருந்தது, அவர் வண்டியில் இடிக்கும்போதெல்லாம் ஆடிய, முன்கண்ணாடிக்கு மேலே தொங்கும் சின்னக் கண்ணாடியை.

"இதுல என் ஸ்கூட்டர் தெரியலையே."

ஸ்கூட்டர் எப்போதும் போலக் காருக்கு நேர் பின்னால்தான் நின்றது. ஆனால் காரின் பின்பக்கக் கண்ணாடி ஒரு கோடு மாதிரி இருந்தது. அதற்கும் குறுக்கே, டிக்கி மேல் அழகுக்கு வைத்த இறக்கை மாதிரிப் பட்டை. ஸ்கூட்டரில் மாட்டியிருந்த ஹெல்மெட்டின் மேல்பாதி மட்டும், மஞ்சளாக, எட்டிப் பார்த்தது.

"தினமும் என்னைப் பாத்துக்கிட்டே போறேன்னு சொன்னீங்க."

இங்கே அவருக்கு மூன்று பதில் எழுதினேன். "வண்டி ஓடும்போது தெரியும்." இது பொய். "நீ கிட்டத்துல வர்றதாலதான் —" பழியை அவள் மேல் போடுகிறார், அவர் அப்படிப்பட்டவர் இல்லை. இரண்டையும் அடித்தேன். தரையில் படுத்தபடியே அவர் சொன்னது மூன்றாவது.

"நீ தெரிய மாட்டே. ஹெல்மெட் மட்டும் தெரியும். அது கூடவே வர்ற வரைக்கும் எனக்கு நிம்மதியா இருக்கும்."

"அதுக்குக் கீழ நான் எப்படி வரேன்னு தெரியாது."

"தெரியாது."

அவள் கோபப்படுவாள் என்று எழுதிவிட்டு, அதையும் அடித்தேன். கோபமில்லை. அவள் கண் லேசாகக் கலங்கியது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது டயரை.

"நாளைக்கு நீங்க பின்னால வாங்க" என்றாள். "பட்டாணியை நான் கூட்டிட்டுப் போறேன்."

"எந்த ரோட்டுல?"

"பின்னால வர்றவங்க அதையெல்லாம் கேக்கறதில்ல."

அவர் எழுந்து உட்கார்ந்தார். தானே தைத்த பேன்ட்டில் கையைத் துடைத்தார். பையிலிருந்து சாவியை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். கொடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது, ஆனாலும் கொடுத்தார்.

6.

முடிவு.

ஒன்று, மழை பெய்கிறது, ஃபிளாப் வேலை செய்கிறது, அவர் பொட்டுச் சேறு படாமல் கடை சேருகிறார். இது கம்பெனி விளம்பரம்.

இரண்டு, பங்க் முனையில் அவர் தலை முதல் கால் வரை நனைந்து, எல்லாம் புரிந்துகொள்கிறார். மச்சினனுக்குப் போனில் சொன்னேன், இதுதான் நியாயம் என்றான். நியாயம்தான். ஆனால் அதற்கு, நாள் முழுக்க முட்டி தேய அந்த மனிதர் மாட்டியது பிரயோஜனப்படக் கூடாது என்று நான் வேண்டிக்கொள்ள வேண்டும். மனசு வரவில்லை.

மூன்று, கார் பாலத்து ரோட்டில் திரும்புகிறது. ஸ்கூட்டர் —

இன்று திங்கட்கிழமை. காலையிலிருந்து மழை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கீழே கார் கிளம்புகிற சத்தம் கேட்கிறது, கதவு அடைபடுகிறது, ஒரு குழந்தை எதற்கோ சிரிக்கிறது. அதன் பின்னாலேயே ஸ்கூட்டர் சத்தமும். எழுந்து இரண்டு மாடி இறங்கினால் போதும், அந்த மஞ்சள் ஹெல்மெட்டுக்குள் யாருடைய தலை இருக்கிறது என்று தெரிந்துவிடும். அவர்கள் தையல்காரரும் இல்லை, எக்ஸ்ரே எடுப்பவரும் இல்லை என்பதும் தெரிந்துவிடலாம். நான் எழவில்லை, எழுந்தால் இனி அந்த மனிதர் சாவியை நீட்டியதை என்னால் நம்ப முடியாமல் போகலாம்.

ஜன்னல் திறந்துதான் இருக்கிறது. நீங்கள் போய்ப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் ஹெல்மெட் மட்டும்தான் தெரியும். அதனால் கொஞ்சம் சிரமம் பார்க்காமல் கீழே இறங்கிப் போய், முகத்தைப் பாருங்கள்.