உழாமல் விட்ட இடம்

கரிமூட்டம் போடுகிற உச்சிமாகாளி அரிவாளோடு எங்கள் புஞ்சையில் நின்றுகொண்டு கேட்டார்.

“இடத்தக் காட்டுங்க மதினி. அத விட்டுட்டு மூட்டம் போடுதேன்.”

காட்டத் தெரிந்தால் நான் ஏன் அவரோடு மல்லுக்கு நிற்கிறேன்? விறகை அடுக்கி மண் மூடிய மூட்டம் புகைந்தால் நாள்கணக்கில் அடிமண் வரைக்கும் வெந்துபோகும். என் பிள்ளை மேலேயா நெருப்பு வைப்பது?

எங்கள் வகையறாவில் பால்குடி மறக்காத பிள்ளை செத்தால் சொந்தப் புஞ்சையில்தான் புதைப்போம். கல் நட மாட்டோம்; நட்டால் அடுத்த பிள்ளை தங்காதாம். கலப்பைதான் அடையாளம். உழும்போது அந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போவார்கள். கரிசலுக்கு நடுவே ஒரு பாய் அகலத்துக்குப் புல் நிற்கும். பருத்தி எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொள்வேன். பேர் வைக்கும் முன்பே போன என் மகள் அங்கேதான் கிடந்தாள்.

அப்புறம் மழை ஏமாற்றியது. மாட்டை விற்றோம். என் வீட்டுக்காரர் கொம்பையா கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸுக்கு வாட்ச்மேனாகப் போனார். நானும் அதே ஆபீஸ் வேனில் ஏறினேன். ஊரே ஏறியது. ஏர் பூட்ட ஆளில்லாத புஞ்சையில் சீமைக்கருவை மண்டிக் காடாகிவிட்டது. வெட்டிக் கரியாக்கிக்கொள் என்று உச்சிமாகாளியிடம் விட்டவரும் இந்த மனுஷன்தான். வெட்டி முடித்தபின் வந்து பார்த்தால், பாழாய்ப்போன மண், மூலைக்கு மூலை ஒன்றுபோலக் கிடக்கிறது. எல்லாமே உழாத இடம்!

“ஓடைப் பக்கம்” என்றேன்.

“ஏட்டி, கிழக்கல்லா” என்றார் இவர்.

“வருசா வருசம் ஒதுக்கி ஒதுக்கி உழுதீங்களே, தெரியாதோ?”

“நான் எங்க ஒதுக்குனேன்? மாடுல்லா ஒதுங்கும். நான் மேழியப் பிடிச்சிக்கிட்டுப் பின்னால போவேன்.”

ஆத்திரத்தில் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் புஞ்சை ஓரத்துக்குப் போனார். மேழியைப் பிடிக்கிற மாதிரி கையை மடக்கிக்கொண்டு, இல்லாத மாட்டை அதட்டியபடி நடந்தார். பாதிப் புஞ்சையில் உடம்பு தானாக ஒரு பக்கம் ஒதுங்கியது. ஒதுங்க அங்கே கட்டையும் இல்லை, குழியும் இல்லை.

“இதான், இதான்” என்று ஓடிப்போய் அங்கேயே உட்கார்ந்தேன். இத்தனை காலத்துக்குப் பிறகு மகள் பக்கத்தில் இருக்கிறேன் என்று நெஞ்சு நிறைந்துவிட்டது.

அவர் நிற்கவில்லை. திரும்பி வரும்போது வேறோர் இடத்தில் ஒதுங்கினார். அடுத்த சாலில் இன்னோர் இடம். அதற்கடுத்து, எனக்கு நேர் பின்னால்.

“நில்லும்யா, போதும்!” என்று கத்தினேன்.

நின்றார். முகமெல்லாம் கண்ணீர்.

“எங்க பாத்தாலும் அவ கெடக்கா ஏட்டி” என்றார்.

உச்சிமாகாளி அங்கே மூட்டம் போடாமல், வெட்டிய விறகை ரோட்டோரத்துக்குச் சுமக்க ஆரம்பித்தார்.

“வா, வேன் வந்துரும்” என்று இவர் கூப்பிட்டார். எழுந்தேன். காலை எங்கே எடுத்து வைப்பதென்று தெரியவில்லை.