தண்ணீரின் அம்மா வீடு

எங்கள் மொட்டை மாடித் தொட்டியில் இருக்கும் தண்ணீர் மாதம் ஒருமுறை அம்மா வீட்டுக்குப் போய் மூன்று நாள் இருந்துவிட்டு வரும். வடவள்ளியில் மீன் தொட்டியும் கீரைத் தொட்டியும் சேர்த்து வைத்திருக்கிற எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். ஐந்நூறு லிட்டர் ஆளை 'அது' என்று சொல்ல எனக்கு மனம் வராது. இனி அவள் என்றே சொல்கிறேன்.

ஏற்பாடு எளிமையானது. கீழே தொட்டியில் பதினோரு திலாப்பியா மீன்கள். மேலே ஜல்லி நிரப்பிய பெட்டியில் பாலக்கீரை, தக்காளி, கொஞ்சம் புதினா. மீன்கள் தின்று கழிப்பதைத் தண்ணீர் மேலே சுமந்து போவாள். ஜல்லியில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதைத் தழைச்சத்தாக மாற்றிச் செடிகளுக்குக் கொடுக்கும். சுத்தமாகி அவள் கீழே இறங்கி வருவாள். ஒரு நாளைக்கு இருபத்து நான்கு முறை இப்படி ஏறி இறங்குகிறாள். நான் இரண்டு முறை மாடி ஏறினாலே முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

தழைச்சத்துக்கு மீன்கள் போதும். இரும்பும் சுண்ணாம்பும் சாம்பல்சத்தும் மீன்களிடமிருந்து போதுமான அளவு கிடைக்காது. அவற்றை அவள் அம்மா வீட்டிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். அவளுடைய அம்மா சாடிவயலுக்கு மேலே காட்டுக்குள் ஓடும் ஓர் ஓடை. மகள் திரும்பும்போது தூக்குப்போசி நிறைய இரும்பு, மஞ்சள் பையில் சுண்ணாம்பு, வாழைமட்டையில் கட்டிய சாம்பல் என்று ஒன்று விடாமல் கொடுத்தனுப்புவாள். தண்ணீரும் பொறுப்பானவள்தான். ஊருக்குக் கிளம்பும் பெண் வீட்டில் இருப்பவர்களுக்கு மூன்று நாளைக்கு மாவு அரைத்து வைப்பதைப் போல, தன்னில் கால் பங்கை மீன்களுக்காகத் தொட்டியிலேயே விட்டுவிட்டுப் போவாள். அந்த மூன்று நாளும் மீன்களுக்குப் பாதித் தீனிதான் போட வேண்டும்.

இதையெல்லாம் கவனிப்பது என் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி. பம்ப்செட் கம்பெனியில் மோட்டார் சோதிக்கும் வேலை அவருக்கு. ஞாயிறுதோறும் சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீரை எடுத்து, நாலு சொட்டு மருந்து விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "நல்லா இருக்குது" என்பார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் வெளியே போய் அதையேதான் சொன்னாராம்.

ஆடி பிறந்தது. பதினெட்டாம் பெருக்குக்கு மகளை அழைத்துவர ஓடை ஆள் அனுப்பியிருந்தாள். காலை பதினொரு மணிக்கு ஒரு சாரல் மாடிப்படி ஏறி வந்தது. உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தேன். தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம் வைத்து முறையாக அழைத்தது.

"இந்த மாசம் தோதுப்படாதுங்க," என்றேன். "நாத்தனார் குடும்பம் வர்றாங்க. தக்காளி வேற பிஞ்சு வெச்சிருக்குது."

சாரல் காப்பியைக் குடித்தது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனது.

நாத்தனார் வருவது பொய்யில்லை. ஆனால் காரணம் அதுவும் இல்லை. பொறாமைதான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு காங்கேயத்து வீட்டை என் அண்ணன் நூல் குடோனுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். அண்ணன் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. நாலு ஆடி ஆகிவிட்டது. மாதாமாதம் இவள் பையை எடுத்துக்கொண்டு படி இறங்குவதையும், பளபளவென்று திரும்பி வருவதையும் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. ஒரு மாதம் போகாவிட்டால் என்ன, குடியா முழுகிவிடும் என்று நினைத்தேன்.

தண்ணீரிடம் சொன்னேன். "சரிங்க்கா," என்றாள். கட்டிய மூட்டையைப் பிரித்து வைத்துவிட்டு, எப்போதும்போல மேலே ஏறப் போய்விட்டாள். ஒரு வார்த்தை சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டு வாரத்தில் பாலக்கின் இளம் இலைகள் மஞ்சளாயின. நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. இரும்பு போதவில்லை என்று அதற்கு அர்த்தம். பிறகு பழைய இலைகளின் ஓரம் கருகியது, அது சாம்பல்சத்துக் குறைவு. தக்காளிக் காய்களின் அடியில் கறுப்பு வட்டம் விழுந்தபோது சுண்ணாம்பும் தீர்ந்துவிட்டதென்று தெரிந்தது. வீட்டுக்காரர் கடையில் இரும்புச்சத்து பாட்டில் ஒன்று வாங்கி வந்து அளந்து ஊற்றினார். சிவப்பாக இருந்தது. தண்ணீர் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. பசியில்லாதவர்கள் பக்கத்து வீட்டுப் பலகாரத்தை மரியாதைக்கு வாங்கி மூடி வைப்பார்களே, அப்படித் தொட்டியின் ஒரு மூலையில் தனியாக வைத்துக்கொண்டாள். கலக்கவே இல்லை.

அதோடு மெலியவும் தொடங்கினாள். ஐந்நூறு லிட்டர் நானூறாகி, முந்நூறாகி, இருநூறுக்கு வந்துவிட்டாள். குழாயைத் திறந்து ஊற்றிப் பார்த்தோம். ஊற்றிய அன்று இருக்கும், மறுநாள் காலையில் பழையபடி ஆகிவிடும். மீன்கள் ஒன்றையொன்று இடிக்காமல் இருக்க வரிசை கட்டிச் சுற்றி வந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கி வெகுநேரம் பார்த்தார். நல்லா இருக்குது என்று சொல்லவில்லை.

"கொண்டுபோய் உட்டுட்டு வா சாந்தாமணி," என்றார்.

ஆடி அழைப்பை மறுத்தவர்தான் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதுதான் முறை. திருப்பி அனுப்புவதும் அனுப்பாததும் அதற்குப் பிறகு அம்மாவின் இஷ்டம். மருதமலை ரோட்டில் ஒரு வீட்டில் இப்படிப் போன தண்ணீரை ஓடை அனுப்பவே இல்லை. இரண்டு வருடமாகத் தொட்டி வெறுமனே கிடக்கிறது. அந்த வீட்டு அம்மா அதில் வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறார். எனக்கு இவள் வேண்டும். கீரைக்காக மட்டும் சொல்லவில்லை. பகலெல்லாம் எங்கள் வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை அவள் ஒருத்திதான்.

ஆவணி பாதியில், ஒரு புதன்கிழமை கிளம்பினோம். அந்த மெலிவிலும் கால் பங்கை மீன்களுக்கு விட்டுத்தான் வந்தாள். பேரூரில் இறங்கிச் சாடிவயல் பஸ் ஏறினோம். பெண்களுக்கு இலவசம் என்பதால் கண்டக்டர் இரண்டு சீட்டுக் கிழித்துக் கொடுத்தார். ஜன்னலோரம் அவளுக்கு. ஆலாந்துறை தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். என் ரவிக்கை முழுக்க நனைந்தது. முன் சீட்டில் இருந்த அம்மா கீழே ஈரமாகிறதென்று தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"பொறந்த ஊட்டுக்குங்களா?"

"ஆமாங்க," என்றேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

ஓடை பாறைகளுக்கு நடுவே நின்று வழி பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் ஓடிப்போய் அவளுக்குள் விழுந்தாள். அதன் பிறகு எது அம்மா, எது மகள் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையில் நின்றேன்.

"தப்பு எம்மேலதானுங்க," என்றேன். "பொறாமையில நிறுத்திப்போட்டேன். தயவு பண்ணி அவளத் திருப்பி அனுப்பிருங்க."

ஓடை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கிட்ட வா கண்ணு," என்றாள். போனேன். என் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். நகத்தை அமுக்கிப் பார்த்தாள்.

"அம்மா ஊட்டுக்குப் போயி எத்தன நாளாச்சு?"

"நாலு வருசமாச்சுங்க."

"உன்ற ஒடம்புல இரும்பே இல்ல. நீயும் இருந்துட்டுப் போ."

வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, நானும் மூன்று நாள் இருந்துவிட்டு வரட்டுமா என்று கேட்டேன்.

"இரு, இரு," என்றார். "மீனுக்குப் பாதித் தீனி போட்டர்றேன். எனக்கும் பாதி போதும்."

மூன்று நாளும் யாரும் என்னிடம் காப்பி கேட்கவில்லை. ஓடை எனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்து அலசிவிட்டாள். மதியம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, ஆழமில்லாத பக்கமாகப் பார்த்துப் படுத்துக்கொண்டு தண்ணீரும் நானும் ஊர்க்கதை பேசினோம். என் வீட்டுக்காரர் கண்ணாடிக் குழாயைத் தூக்கிப் பார்ப்பதை அவள் அப்படியே செய்து காட்டி அம்மாவைச் சிரிக்க வைத்தாள். நானும் சிரித்தேன், பாவம் அவர். பேசிக்கொண்டே தூங்கிவிடுவேன். எழும்போதெல்லாம் ஒரு போர்வை அளவுக்கு ஓடை என் மேல் கிடந்தாள்.

ஆனால் மகளை அனுப்புவாளா மாட்டாளா என்று மட்டும் வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கப் பயந்தேன். நான் மட்டும் தனியாகப் பஸ் ஏறுவதுபோல நினைத்துப் பார்த்தேன்.

சனிக்கிழமை விடிந்ததும் ஓடை பைகளை எடுத்து ஒவ்வொன்றாகப் பாறை மேல் வைத்தாள். இரண்டு தூக்குப்போசி. இரண்டு மஞ்சள் பை. வாழைமட்டைக் கட்டும் இரண்டு.

"ஆளுக்கொண்ணு," என்றாள். "வழியில சண்ட போட்டுக்காதீங்க ரெண்டு பேரும். அடுத்த மாசம் சேந்தே வாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை. ஓடைக்குள் நின்று அழுவதில் கண்ணைத் துடைக்க வேண்டியதில்லை என்ற ஒரு வசதி இருக்கிறது. அவள் என் இடுப்பு வரை எட்டிப் பிடித்துக்கொண்டு, அழுது முடியும் வரை விடவில்லை.

வீட்டுக்கு வந்து மாடி ஏறியதும், தொட்டியில் விட்டுப் போயிருந்த தன் கால் பங்கிடம் தண்ணீர் நடந்ததையெல்லாம் சொன்னாள். பம்ப் சத்தத்தையும் மீறி ஒரு மணி நேரம் பேச்சுக் கேட்டது. கொண்டுவந்த இரும்பை ஒரேயடியாகக் கொட்டவில்லை, மீன்களுக்கு ஆகாது என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தாள். சுண்ணாம்பு மறுநாள், சாம்பல் அதற்கும் மறுநாள். மஞ்சளான இலைகள் மஞ்சளாகவே உதிர்ந்தன. புதிதாக வந்தவை பச்சையாக வந்தன. என் பங்கை என்ன செய்வதென்று யாரும் சொல்லாததால், தினம் ரசத்தில் அரை ஸ்பூன் போட்டுச் சாப்பிட்டு வந்தேன்.

புரட்டாசி முதல் ஞாயிறு. மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வீட்டுக்காரர் தொட்டிப் பக்கமிருந்து வந்தவர் என் பின்னால் நின்றுவிட்டார். என் பின்கழுத்தில், பின்னல் மறைக்கும் இடத்தில், ஒரு தண்டும் இரண்டு இலையும் விட்டிருந்தன. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இலைகளின் அடிப்பக்கத்தையும் ஓரத்தையும் பார்த்தார். பிறகு பின்னலை எடுத்து என் தோளுக்கு முன்னால் போட்டுவிட்டு, நாற்காலியோடு என்னைக் கொஞ்சம் வெயில் பக்கமாக நகர்த்தினார்.