பாசி போலீஸ் வீட்டுப் பாசி

என் கணவருக்கு அவருடைய குழுவில் பாசி போலீஸ் என்று பெயர். கேலிக்குத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

கண்ணாடித் தொட்டியில் நல்ல தண்ணீர் விட்டுச் செடி வளர்ப்பவர்கள் போனில் நடத்தும் குழு அது. இவர்தான் அட்மின். யாராவது தங்கள் தொட்டியைப் படமெடுத்துப் போட்டால் போதும், இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, மீனைப் பார்க்காமல், செடியைப் பார்க்காமல், கண்ணாடியின் மூலையில் பச்சையாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தேடுவார். இருந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடே வேண்டாம். "முதலில் கண்ணாடியைத் தேய்த்துவிட்டு வாருங்கள், படத்தை அப்புறம் பார்க்கலாம்" என்று எழுதிவிட்டு என்னிடம் வந்து படித்தும் காட்டுவார்.

ஒருமுறை ஒரு பஸ் டிரைவர் ஆசை ஆசையாகத் தன் முதல் தொட்டியைப் படமெடுத்துப் போட்டார். "இது தொட்டியா, சாக்கடையா?" என்று இவர் கேட்டார். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். அதன் பிறகு அந்த டிரைவர் குழுவில் வாயே திறக்கவில்லை.

"பாவம், அந்த மனுஷனை எதுக்குங்க அப்படிக் கேட்டீங்க?" என்றேன்.

"பாசின்னா பாசிதான். அதுல என்ன தயவு தாட்சண்யம்?" என்றார்.

இப்படிப்பட்டவர் பாசியிடம் மயங்கி விழுந்தது நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில். நான் அங்கே வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். நோயாளிகள் காத்திருக்கும் அறையில் டாக்டரம்மா ஒரு சின்ன உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார். மீன் கிடையாது. கடற்பாசிகள் மட்டும்தான். சிவப்பாகப் புதர் மாதிரி ஒன்று, திராட்சைக் கொத்து மாதிரிப் பச்சையாக ஒன்று, விசிறி மாதிரி இன்னொன்று.

கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வந்த என் கணவர், ஊசி போட்டு வாய் மரத்துப்போய் அந்தத் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அபிப்பிராயம் சொல்ல முடியாத நிலையில் அவர் ஒரு பொருளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பேச முடியாததால் பார்த்தார். பார்த்ததால் பிடித்துப்போனது. கையைக் காட்டி என்னை அழைத்து, பாதி வாயால், "என்ன ஷெடி?" என்றார்.

"செடி இல்லைங்க. பாசி."

பல்லைப் பிடுங்கியபோதுகூட அவர் முகம் அப்படிப் போகவில்லை.

ஒரு வாரம் வீட்டில் வழக்கு நடந்தது. வக்கீலும் அவரே, நீதிபதியும் அவரே. "அது வேற, இது வேற. இது கடல்ல வளர்றது" என்றார். "பாசின்னா பாசிதான்னு சொன்னது யாரு?" என்று கேட்டேன். "விஷயம் தெரியாம பேசாத" என்று தீர்ப்பு வந்தது. கடைசியில் ஒரு சின்னத் தொட்டி, ரகசியமாக, பின்பக்க அறையில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வைப்பது என்று முடிவானது. நான் துணி மடிக்கும் மேசை அதற்குத் தாரை வார்க்கப்பட்டது. விஷயம் குழுவுக்குத் தெரிந்தால் பாசி போலீஸின் மானம் கப்பலேறிவிடும் என்பதால் என் வாய்க்கும் பூட்டு.

"உப்புத் தண்ணிதானே? நான் பார்க்காத தண்ணியா?" என்று சொல்லிக்கொண்டுதான் ஆரம்பித்தார். நான் துணி அலசும் வாளியில் உப்பைக் கொட்டிக் கலக்கினார். நுரை பொங்கியது. "பாத்தியா, அசல் கடல் மாதிரியே இருக்கு!" என்று பூரித்துப்போனார். அது கடல் நுரை இல்லை, என் சோப்புத்தூள் நுரை. அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுப் புது வாளி வாங்கிவந்தார். வாளிக் கம்பெனியைத் திட்டினாரே தவிர, வேறு யாரையும் குறை சொல்லவில்லை.

டாக்டரம்மா பாசிகளில் கொஞ்சம் கிள்ளி, ஈரத்தோடு பையில் போட்டுக் கொடுத்தார். இவர் நீள இடுக்கியை எடுத்து, நாற்று நடுகிற மாதிரி ஒவ்வொன்றையும் மணலில் ஆழமாக நட்டார். நல்ல தண்ணீர்ச் செடிகளை அப்படித்தான் நடுவார்கள்.

"அதுக்கு வேரே கிடையாதேங்க. கல்லுல கட்டித்தான் விடணும்" என்றேன்.

"போகப் போக வேர் விடும். உங்க டாக்டர் பல்லைப் பார்க்கட்டும்."

மணலுக்குள் போன பகுதியெல்லாம் வெளுத்து, குழைந்து, நாறியது. மறுநாள் பார்த்தால் பாசிகள் கல்லில் கட்டப்பட்டிருந்தன, என் தையல் பெட்டியிலிருந்த நீல நூலால். கட்டுவதுதான் சரியான முறை என்று தானே கண்டுபிடித்ததாகச் சொன்னார்.

அடுத்து இன்னொரு கூத்து. காற்றில் தண்ணீர் வற்றி மட்டம் இறங்க இறங்க, மறுபடியும் உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர்தான் ஆவியாகப் போகும், உப்பு எங்கே போகும்? உள்ளேயே கிடந்து ஏறிக்கொண்டே போனது. ஆஸ்பத்திரித் தொட்டிக்குக் காலையில் கோடு வரைக்கும் நல்ல தண்ணீர் ஊற்றுவது என் வேலைதான். இதையும் சொல்லி, இதற்கும் ஒரு பிரசங்கம் கேட்க எனக்குத் தெம்பில்லை. வேலைக்குக் கிளம்பும் முன் நானே நல்ல தண்ணீர் ஊற்றத் தொடங்கினேன். மட்டம் குறையாததைப் பார்த்து, தான் போட்ட மூடியின் மகிமை என்று அவர் நினைத்துக்கொண்டார். இருக்கட்டும். வெளுத்துக்கொண்டிருந்த பச்சை தேறியது. சிவப்பு புதர் கட்டியது. பம்ப் கிளப்பும் ஓட்டத்தில் அது அசைவதைப் பார்த்துக்கொண்டே நின்று இரண்டு தடவை பஸ்ஸைத் தவறவிட்டேன். எனக்கு அது உண்மையிலேயே பிடித்துப்போனது.

அவருக்கும்தான். ஆனால் அவருடைய பிரியம் விசித்திரமானது. ஹாலில் உட்கார்ந்து, "பாசியுள்ள படங்கள் இனி நீக்கப்படும்" என்று குழுவுக்குப் புதுச் சட்டம் போடுவார். போட்ட கையோடு பின்பக்க அறைக்குப் போய், ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, பாசியை வாய் பிளந்து பார்ப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குழுவின் கூட்டம் எங்கள் வீட்டில். காலையிலேயே கடற்பாசித் தொட்டியின் மேல் போர்வையைப் போட்டு மூடினார். "யாராவது கேட்டா, துணி ஊறவெச்சிருக்குன்னு சொல்லு" என்றார். ஹால் நிறைய ஆட்கள். துணை அட்மினும் வந்திருந்தார். என் கணவர் தும்மினால்கூட "ஆமா அண்ணே" என்பதால் அவருக்கு நான் வைத்த பெயர் ஆமாஞ்சாமி. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைப்பதுபோல அவர் கண்ணாடி தேய்க்கும் பிளேடு வைத்திருப்பார். யாரோ வற்புறுத்திக் கூட்டிவந்ததால் அந்த பஸ் டிரைவரும் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

டீ குடித்த டம்ளரைத் தானே கழுவி வைப்பதாகச் சொல்லி டிரைவர் பின்பக்கம் போனார். போர்வைக்குள்ளிருந்து வெளிச்சம் வந்தால் யாருக்குத்தான் சும்மா இருக்க முடியும்? தூக்கிப் பார்த்துவிட்டார்.

"அண்ணே!" என்று ஒரு சத்தம். எல்லாரும் ஓடினோம்.

அந்த மனிதர் முகத்தில் கொஞ்சம்கூடக் கேலி இல்லை. சந்தோஷம்தான் இருந்தது. "அண்ணே, நீங்களும் பாசி வளர்க்கிறீங்களா? எவ்வளவு அழகா இருக்கு! நான் என் தொட்டியை அன்னைக்கே காலி பண்ணிட்டேன். அவசரப்பட்டுட்டேன் போல."

என் கணவர் "ஆமா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லிவிடுவார் என்று நான் நிஜமாகவே நம்பினேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"சேச்சே, நானாவது வளர்க்கறதாவது! இது சும்மா கிடந்த தொட்டி. கவனிக்காம விட்டதுல பாசி பிடிச்சுடுச்சு."

"அதானே! நீங்க நகருங்க அண்ணே, ஒரு நிமிஷத்துல சுரண்டித் தள்ளிடறேன்" என்று ஆமாஞ்சாமி கையை மடித்துவிட்டுக்கொண்டு பிளேடை எடுத்தார். டிரைவரின் முகம் தொங்கிப்போனது. ஆமாஞ்சாமியின் கை தண்ணீருக்குள் இறங்கி, சிவப்புப் பாசியைக் கட்டியிருந்த நூல் பக்கம் போனது. இவர் தடுப்பார் என்று அப்போதும் பார்த்தேன். இவர் குனிந்து வாளியை எடுத்தார். சுரண்டியதைப் போடுவதற்கு நீட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கையை எடுங்க. அது என்னோடது" என்றேன்.

ஆமாஞ்சாமி கையை வெளியே எடுத்தார். என் கணவருக்கு உயிர் திரும்பியது. திரும்பிய உயிரை வைத்துக்கொண்டு அவர் சும்மா இருந்திருக்கலாம். "பாருங்க, என் வீட்டுலயே இந்தக் கதிதான்! இவளுக்குப் பாசிக்கும் செடிக்கும் வித்தியாசம் தெரியாது. சொன்னாலும் மண்டையில ஏறாது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. காப்பாற்றிவிட்டவளுக்கு இதுதான் கூலி.

கத்தரிக்கோலை எடுத்தேன். சிவப்பில் ஒரு கிளையை வெட்டி, உப்புத் தண்ணீரோடு பையில் போட்டு டிரைவரிடம் கொடுத்தேன். "மணல்ல நடாதீங்க தம்பி, கல்லுல கட்டுங்க. தண்ணி வத்தினா நல்ல தண்ணி ஊத்துங்க, உப்புத் தண்ணி ஊத்தக் கூடாது." நான் சொன்ன கடைசி வரியைக் கேட்டு என் கணவர் திடுக்கிட்டு மூடியைப் பார்த்தார்.

"ரொம்ப நன்றி அண்ணி" என்று டிரைவர் பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

எல்லாரும் கிளம்பியதும் இவர் இடுக்கியோடு வந்தார். "நல்லாத்தான் சமாளிச்ச" என்று சொல்லிக்கொண்டே தொட்டிக்குள் கையை விட்டார்.

"கையை எடுங்க."

"ஏன்?"

"என்னோடதுன்னு சொன்னேனே."

"அது அவங்களுக்காகச் சொன்னதுதானே?"

"நீங்க வாளியை நீட்டினப்பவே அது உங்களுது இல்லைன்னு ஆயிடுச்சு. திரும்ப வேணும்னா குழுவுல எழுதுங்க. நான்தான் பாசி வளர்க்கிறேன், டிரைவரை அப்படிக் கேட்டது தப்புன்னு எழுதுங்க. எழுதின நிமிஷமே எடுத்துக்கலாம்."

போனை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். எழுதினார், அழித்தார், எழுந்து நடந்தார், மறுபடியும் எழுதினார். நான் துணி மடித்துக்கொண்டு காத்திருந்தேன், மேசை இல்லாததால் தரையில். கடைசியில் வந்து போனை நீட்டினார். நல்ல காரியம் செய்துவிட்ட முகம்.

"இன்று நாம் பார்த்த கடற்பாசித் தொட்டி என் மனைவியுடையது. கண்ணாடி சுத்தமாக இருந்ததற்கு மட்டும் நான் பொறுப்பு."

படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். "சரி. ஊரறிய எனக்கே கொடுத்துட்டீங்க."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிவப்பு அசைந்துகொண்டிருந்தது. அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன், பொய் சொல்லமாட்டேன்.

"அப்போ நான் எப்போதான் கையை விடறது?"

"என்னைக் கேட்டுட்டு விடுங்க."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு, கல்யாணமானதிலிருந்து நான் கேட்டிராத ஒரு சின்னக் குரலில், "இப்போ விடலாமா?" என்றார்.

"இப்போ வேண்டாம்" என்றேன். அதற்குக் காரணம் எதுவும் இல்லை.