கீறல் விழாத டிஸ்க்

கல்யாணம் முறிந்து, இரண்டு அட்டைப்பெட்டிகளோடு அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்ததிலிருந்து தம்பி "ம்", "வேணாம்", "அப்புறம்" என்ற மூன்று சொற்களை வைத்தே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். அறைக் கதவு சாத்தியே இருக்கும். தட்டு உள்ளே போகும். பாதிச் சாப்பாட்டோடு வெளியே வரும். அம்மா அதைப் பார்த்துவிட்டுக் கழுவி வைப்பாள். அந்தச் சனிக்கிழமை காலை, தட்டை எடுக்க வந்த அக்காவிடம் அவன் திடீரென்று ஒரு முழு வாக்கியம் பேசினான்.

"அந்த லாரி கேம் இன்னும் இருக்காக்கா?"

அக்கா லேசுப்பட்டவள் இல்லை. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவள் "கிளட்ச்!" என்று கத்தினால் பக்கத்து வண்டிக்காரரும் சேர்ந்து மிதிப்பார். அவளே அன்றைக்குக் கையிலிருந்த தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

"இருக்கு. சாயங்காலத்துக்குள்ள போட்டுத் தர்றேன், விளையாடலாம்," என்று சொல்லிவிட்டாள். இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்று ஒரு இழவும் அவளுக்குத் தெரியாது.

அந்த கேமில், மலைப்பாதையில் பூசணிக்காய் லோடு ஏற்றிய லாரியை ஓட்ட வேண்டும். காய் முழுக்கச் சிதறிவிடாமல் யார் முதலில் உச்சிக்குப் போகிறாரோ அவருக்கு வெற்றி. ஒரே கீபோர்டில் இரண்டு பேர் விளையாடலாம். அம்புக்குறிப் பக்கம் தம்பிக்கு, எழுத்துப் பக்கம் அக்காவுக்கு. சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆரம்பிக்கும் சண்டை, "அம்மா, இவ ஏமாத்துறா!" என்ற அவனுடைய அலறலில்தான் முடியும். அம்மா கரண்டியோடு வந்து நின்று, "அடிச்சுக்காம விளையாடுங்க, இல்ல பிளக்கைப் பிடுங்கிடுவேன்," என்று தீர்ப்புச் சொல்லுவாள்.

அலமாரியைத் தலைகீழாகப் புரட்டியதில் கேம் பெட்டி கிடைத்தது. உள்ளே இரண்டு டிஸ்க். ஆனால் அவளுடைய லேப்டாப்பில் டிஸ்க் போட வாயே கிடையாது. கடைத்தெருவுக்கு ஓடி, வெளியிலிருந்து ஒயரில் மாட்டுகிற டிரைவ் ஒன்றை வாங்கி வந்தாள். முதல் டிஸ்க்கைப் போட்டதும், இந்தக் கம்ப்யூட்டருக்கு இந்த கேம் சரிப்படாது என்று திரையில் ஒரு செய்தி வந்து நின்றது. ரிப்பேர் கடைக்காரருக்கு போன் போட்டாள். அவளிடம் வண்டி பழகிய மனிதர் அவர். ரிவர்ஸ் எடுக்கும்போது வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கும் போல, பயபக்தியோடு எதை அழுத்தி எதை மாற்ற வேண்டும் என்று சொன்னார். பச்சைக் கோடு மெல்ல நகர ஆரம்பித்தது. பாதியைத் தாண்டியதும் இரண்டாவது டிஸ்க்கைக் கேட்டது.

போட்டாள். டிரைவ் உறுமியது, இருமியது, ஓய்ந்தது. "டிஸ்க் இரண்டைப் போடவும்."

"அதானே போட்டிருக்கேன், கண்ணு தெரியலையா உனக்கு?" என்று லேப்டாப்பைத் திட்டினாள். எடுத்துத் துடைத்துப் போட்டாள். ஊதிப் போட்டாள். எல்லாவற்றையும் அணைத்து, முதலிலிருந்து ஆரம்பித்துப் போட்டாள். அது கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் இரண்டு டிஸ்க்கையும் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்கே போனாள். கடைக்காரரின் கம்ப்யூட்டரிலும் அதே கதைதான்.

"ரெண்டாவது செத்துப்போச்சு மேடம். பழசு இல்லையா, விட்டுடுங்க."

"ஒண்ணாவதைப் பாருங்க, பூனை பிறாண்டின மாதிரி கீறலா இருக்கு. அது ஓடுது. இது கண்ணாடியாட்டம் இருக்கு, ஒரு கீறல் கிடையாது. இது எப்படிச் சாகும்?"

"சில சமயம் அப்படித்தான் ஆகும்," என்றார் அவர். அவரையும் குறை சொல்ல முடியாது. இன்னும் நாலு பேர் கம்ப்யூட்டரைத் திறந்து போட்டுவிட்டு அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது அவளுக்கு அழுகை முட்டியது. ஒரு விளையாட்டுக்கா இப்படி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வந்ததிலிருந்து அவன் கேட்டது அது ஒன்றுதான். அதுவும் இல்லை என்று போய்ச் சொன்னால் "பரவால்லக்கா" என்பான், கதவைச் சாத்திக்கொள்வான். அப்புறம் எதையும் கேட்கவே மாட்டான். அதுதான் அவளுக்குப் பயம்.

கூடத்தில் நுழைந்தால், அம்மா தரையில் உட்கார்ந்து புது டிரைவை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ செய்துகொண்டிருந்தாள். பக்கத்தில் கத்தரிக்கோலும், ஒட்டுகிற பிளாஸ்டிக் தாள் சுருளும். அம்மா ஓய்வு பெறும்வரை நூலகத்தில் வேலை பார்த்தவள். புத்தகங்களுக்கு உறை போட்டுப் போட்டுப் பழகிய கை, வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்காது. டிவி ரிமோட்டுக்கு உறை, சுவிட்ச் பலகைக்கு உறை, வந்தவர்கள் மேஜை மேல் போனை வைத்துவிட்டு எழுந்து போனால் அதற்கும் உறை. ஒரு குமிழி இருக்காது, ஒரு சுருக்கம் இருக்காது. ஒட்டியிருக்கிறது என்று சொன்னால்தான் தெரியும்.

அக்கா டிரைவைப் பிடுங்கித் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. மூடியோடு சேர்த்து ஒட்டியாகிவிட்டது.

"நான் இங்க நாயா அலையறேன், நீ இதுக்கும் உறை போட்டுட்டியா? எதைப் பார்த்தாலும் உறை போட்டாதான் உனக்குத் தூக்கம் வருமா?"

"கத்தாதே. புதுப் பொருள், தூசி போகக்கூடாதுன்னு போட்டேன்." அம்மா அசரவில்லை. "நான் உறை போட்டு எது கெட்டுப்போயிருக்கு? ஒண்ணு சொல்லு பாப்போம்!"

பதிலுக்குக் கத்த வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். கைப்பையிலிருந்து இரண்டாவது டிஸ்க்கை எடுத்தாள். திருப்பினாள். ஒரு கீறல்கூட இல்லை. நடு ஓட்டையின் விளிம்பில் நகத்தை வைத்து மெல்ல நெம்பினாள். ஏதோ மெலிதாக எழும்பியது.

"அம்மா... இதுக்குமா?"

"பின்னே? நீங்க ரெண்டு பேரும் காலேஜுக்குப் போனப்புறம் எல்லாத்தையும் எடுத்து வச்சேனே, அப்பப் போட்டது. இன்னொண்ணு கம்ப்யூட்டருக்குள்ளயே மாட்டிக்கிட்டிருந்துச்சு, கைக்கு அகப்படல. அப்புறம் தம்பிதான் எடுத்துப் பெட்டியில வச்சிருப்பான். எனக்கு அகப்பட்டிருந்தா அதுக்கும் போட்டிருப்பேன்."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. செத்துப்போனதாகச் சொன்ன டிஸ்க்கின் கண்ணைத்தான் அம்மா பத்திரமாகக் கட்டி வைத்திருந்தாள்!

"கொடு இப்படி. நீ உரிச்சா நகத்தால கீறிடுவே," என்றாள் அம்மா. தலை காயவைக்கிற மெஷினை எடுத்து வந்து இளஞ்சூடாகக் காற்றுக் காட்டினாள். தாளின் நுனியைப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரே இழுவையில் முழு வட்டத்தையும் உரித்தெடுத்தாள். மிச்சமிருந்த பசையைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, மெத்தென்ற துணியால் ஒற்றினாள். அடியில் டிஸ்க் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே பளபளத்தது. டிரைவின் உறையையும் அவளே உரித்தாள். அதற்கு மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

மறுபடி முதலிலிருந்து. பச்சைக் கோடு பாதியைத் தாண்டியது, இரண்டாவதைக் கேட்டது. போட்டாள். டிரைவ் இருமவில்லை. கோடு ஒரு இடத்தில் நின்றது. அம்மாவும் மகளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பிறகு நகர்ந்தது. கடைசிவரை போனது.

"ஏறிடுச்சு! ஏறிடுச்சு!" என்று அக்கா குதித்தாள். ரிப்பேர் கடைக்காரருக்கு போன் போட்டு, "செத்தது எழுந்துடுச்சு சார்!" என்று மட்டும் சொல்லி வைத்தாள். லேப்டாப்பின் சத்தத்தை முழுக்கக் கூட்டி, கேமைத் திறந்தாள். வீடே அதிர லாரி ஹார்ன் அடித்தது.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கீபோர்டின் நடுவில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தது. கலைந்த தலையோடு தம்பி வந்து பக்கத்தில் நின்றான்.

"தள்ளி உக்காருக்கா. அம்புக்குறி என் பக்கம்."

முதல் வளைவிலேயே ஊருக்கெல்லாம் வண்டி கற்றுக்கொடுக்கிற அக்காவின் லாரி பாதிப் பூசணிக்காயைக் கொட்டியது. "லைசன்ஸ் யாரு கொடுத்தா உனக்கு?" என்றான் அவன். இரண்டாவது வளைவில் அவன் முந்தப் பார்த்தபோது, அவள் ஒரு கையால் அவன் விரல்களைத் தட்டிவிட்டு, மீதிக் காய்களோடு உச்சிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"அம்மா! இவ ஏமாத்துறா!"

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். கண்ணெல்லாம் நனைந்திருந்தது. ஆனால் குரலைப் பழைய கறாரில் நிறுத்திக்கொண்டாள்.

"அடிச்சுக்காம விளையாடுங்க, இல்ல பிளக்கைப் பிடுங்கிடுவேன்."

"இது லேப்டாப்மா, பிளக்கைப் பிடுங்கினாலும் ஓடும்," என்றான் தம்பி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னொரு ஆட்டம் வாக்கா. எனக்குப் பசிக்குதும்மா, தட்டை இங்கயே கொண்டா."