ரீல் நாலில் ஒரு சிரிப்பு

என் மனைவிக்கு ஏழு சிரிப்பு உண்டு. பதினோரு வருஷக் குடித்தனத்தில் எண்ணி வைத்திருக்கிறேன். விருந்தாளிகளுக்கு ஒன்று, போனில் அவள் அம்மாவுக்கு ஒன்று, நான் ஜோக் சொன்னால் பெரிய மனது பண்ணிச் சிரிப்பது ஒன்று. மீதி நாலையும் விவரித்தால் கதை நகராது. ஒரு கோல்ஃப் படத்தின் ரீல் நாலில் நான் கேட்டது இந்த ஏழில் எதுவும் இல்லை. அது எட்டாவது. எவன் அதை அவளிடமிருந்து வரவழைத்தான் என்ற கேள்விதான் பத்து நாள் என் தூக்கத்தைக் கெடுத்தது.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். சினிமாவில் ஒருவர் நடந்து வந்தால் அது என் செருப்பு. கதவு திறந்தால் என் கதவு. முத்தம் என்றால், மன்னிக்கவும், அது என் புறங்கை. பேச்சும் பாட்டும் போக மிச்சமுள்ள சத்தமெல்லாம் என் பொறுப்பு. எஃபெக்ட்ஸ்காரர் என்பார்கள். மனைவி டப்பிங் பேசுகிறவள். திரையில் அழகாக வாயசைக்கும் பெண்களுக்குக் குரல் இவளுடையது. இரண்டு பேரும் ஒரே படத்தில் வேலை செய்வது அபூர்வம். அந்த கோல்ஃப் படத்தில் அப்படி அமைந்தது.

படத்தின் கதை இதுதான். டயர் கடை வைத்திருக்கும் ஒருவன், கோல்ஃப் சொல்லித்தரும் பெண்ணிடம் மனசைப் பறிகொடுத்து, தான் ஒரு சாம்பியன் என்று அளந்துவிடுகிறான். அவன் மட்டையைப் பிடிக்கும் லட்சணத்திலேயே அவளுக்குப் பொய் தெரிந்துவிடுகிறது. இருந்தாலும் வேடிக்கை பார்க்கிறாள். இரண்டு மணி நேரம் பந்து குளத்திலும், மணலிலும், நடுவர் தொப்பியிலும் போய் விழுந்துவிட்டு, கடைசியில் கல்யாணம்.

கதாநாயகனுக்கு நிஜத்திலும் கோல்ஃப் தெரியாது. ஒரு பந்தையும் அவர் ஒழுங்காக அடித்ததில்லை. ஆகவே ஒவ்வொரு அடியும் நான் அடித்தது. மட்டை காற்றைக் கிழிக்கும் சத்தத்துக்குத் திரைச்சீலை மாட்டும் அலுமினியக் கம்பி. புல்லில் நடப்பதற்குப் பழைய கேசட் நாடாக் குவியல். மணலுக்கு ஒரு மூட்டை கல்லுப்பு. பந்தின் மேல் மட்டை படுகிற அந்த ஒரு 'டொக்'தான் பிடிகொடுக்கவில்லை. வீட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் தட்டிப் பார்த்து, கடைசியில் பாத்ரூம் கதவின் மரக்குமிழைக் கழற்றிக்கொண்டு போனேன். அதற்கு அவள் ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ரீல் நாலில் அவன் அடிக்கிற பந்து மரத்தில் மோதித் திரும்பி, அவன் கொண்டுவந்த டயர் கடை விளம்பரப் பலகையையே உடைக்கிறது. கதாநாயகி சிரிக்கிறாள்; அவளுக்குக் குரல் என் மனைவி. பலகை உடையும் சத்தம் போடுவதற்காக, டப்பிங் முடிந்து வந்திருந்த குரலை ஹெட்போனில் ஓடவிட்டேன். அப்போதுதான் கேட்டது. மூக்கில் ஒரு சின்ன விக்கலாக ஆரம்பித்து, அடிவயிற்றுக்கு இறங்கி, மூச்சுத் திணறி, இருமி, "அய்யோ போதும்" என்று முடிந்தது. 'அய்யோ போதும்' வசனத்தாளில் இல்லை. தொழிலுக்குச் சிரிக்கிறவர்கள் சுத்தமாக முடிப்பார்கள். அவர்களுக்கு இருமல் வராது.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. சிரிப்பை மட்டும் பெரிதாக்கி மறுபடி கேட்டேன். அடியில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. மைக்குக்குப் பக்கத்தில், அவளுடையது அல்லாத ஒரு மூச்சு. ஆண் மூச்சு. கனமானது. அந்த மூச்சு யாருடையது என்று இந்த ஊரில் சத்தத் தொழில் பார்க்கும் யாரும் சொல்லிவிடுவார்கள். கதாநாயகனுக்குக் குரல் கொடுக்கிற வெண்கலம். தொண்டையை வைத்து வந்த பெயர். ஆள் பேசினால் மேஜைமேல் டம்ளர் அதிரும்.

இந்தக் காலத்தில் டப்பிங்கில் ஜோடியாக யாரும் நிற்பதில்லை. அவரவர் நேரத்துக்கு வந்து தனியாகப் பேசிவிட்டுப் போவார்கள். யாருக்கு எப்போது டப்பிங் என்று எழுதிவைக்கும் அன்றைய தாளை எடுத்துப் பார்த்தேன். அந்த நேரத்துக்கு அவள் பெயர் மட்டும்தான் இருந்தது. அப்படியானால் இவன் எதற்கு அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்?

சாப்பிடும்போது மெதுவாக நூல் விட்டுப் பார்த்தேன்.

"ரீல் நாலு பேசினப்ப கூட யாராவது இருந்தாங்களா?"

"மைக் இருந்துச்சு."

"அதில்ல. சிரிப்பு ரொம்ப நல்லா வந்திருக்கு. அதான் கேட்டேன்."

அவள் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "பதினோரு வருஷத்துல இப்பதான் முதல் தடவையா என் வேலை நல்லா இருக்குன்னு சொல்றீங்க. என்ன விஷயம்?"

நான் தண்ணீர் குடித்தேன். கேள்வி கேட்டவனையே கேள்வி கேட்பவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

மறுநாளிலிருந்து சோதனை. அவள் கைப்பையில் தொண்டை மிட்டாய் டப்பா ஒன்று கிடந்தது. அவள் சாப்பிடுகிற ரகம் இல்லை. போன் வந்தால் பால்கனிக்குப் போனாள். அங்கே சிக்னல் நன்றாக இருக்கும் என்பது எனக்கும் தெரியும், ஆனாலும் குறித்துக்கொண்டேன். வீட்டிலேயே அந்த எட்டாவது சிரிப்பை வரவழைத்துப் பார்ப்போம் என்று, யாரோ சொன்ன நல்ல ஜோக்குகளாகத் தேடிப் பிடித்துச் சொன்னேன். பெரிய மனது பண்ணிச் சிரித்தாள். துணி தேய்க்கும் மேஜையில் வேண்டுமென்றே இடறி விழுந்தேன். ஓடிவந்து தைலம் தேய்த்துவிட்டாள். முட்டி வீங்கியதுதான் மிச்சம்.

வெண்கலத்துக்கு வருகிற சிரிப்பு எனக்கு ஏன் வரவில்லை? எரிச்சலாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன். சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தம்தான் முதலில் காதில் விழுந்தது.

டப்பிங் அறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு டேக்குக்கும் அடுத்த டேக்குக்கும் நடுவில் யாரும் பதிவை நிறுத்துவதில்லை. இடையில் பேசுவது, இருமுவது, இயக்குநரைத் திட்டுவது, எல்லாம் உள்ளே போய்க் கிடக்கும். பிறகு வேண்டியதை மட்டும் வெட்டி எடுப்பார்கள். வெட்டாத முழுப் பதிவு கையில் கிடைத்தால் அன்றைக்கு நடந்தது பூராவும் கிடைத்த மாதிரி. அந்த டப்பிங் அறையின் இன்ஜினியர் வேறு யாருமில்லை, என் மச்சான். மனைவியின் தம்பி. தாடி வைத்த, வாய் திறக்காத மனுஷன்.

போய்ச் சொன்னேன். "மச்சான், ரீல் நாலு முழு டிராக்கும் வேணும். ரூம் டோன் எடுக்கணும்."

ரூம் டோன் என்பது யாரும் பேசாதபோது அறையில் இருக்கிற வெறும் சத்தம். வசனங்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் அதை வைத்து அடைப்போம்.

"ரூம் டோனுக்கு நாலு செகண்ட் போதுமே மாமா. வெட்டி அனுப்பறேன்."

"நானே வெட்டிக்கறேன். முழுசா குடு."

"முழுசா எதுக்கு மாமா?" என்றவன் நாற்காலியைத் திருப்பிக்கொண்டான். "வேணாம். சொன்னாக் கேளுங்க."

அக்காவுக்காகப் பூசி மெழுகுகிறான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. "ஏன், அதுல நான் கேக்கக்கூடாதது என்ன இருக்கு?" என்று குரலை உயர்த்தினேன். அவன் பதிவைப் பென் டிரைவில் போட்டு மேஜைமேல் வைத்தான். கையில்கூடக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலை ஸ்டூடியோவைத் திறந்து, செருப்பு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினேன். நாற்பது நிமிஷப் பதிவு.

முதலில் ஒன்பது டேக். ஒன்பதும் செத்த சிரிப்பு. இயக்குநர் அலுத்துக்கொள்கிறார்: "செயற்கையா இருக்கும்மா." கதவுச் சத்தம். வெண்கலத்தின் குரல்: "அடுத்தது என்னோடதா? லேட்டாகுமா?" அவள் சொல்கிறாள், "உட்காருங்கண்ணே. எனக்குச் சிரிப்பே வரமாட்டேங்குது." நாற்காலி கிறீச். மிட்டாய் டப்பா குலுங்குகிறது. "இதைப் போட்டுக்க. தொண்டை காய்ஞ்சிருக்கு."

அண்ணேயாம். அண்ணே என்று ஆரம்பித்துக் கடைசியில் மாலை மாற்றிக்கொண்ட எத்தனை ஜோடிக்கு நான் காலடிச் சத்தம் போட்டிருக்கிறேன்! ஹெட்போனை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

"வீட்டுல ஏதாவது கூத்து நடந்திருக்குமே. அதை நினைச்சுச் சிரி" என்றது வெண்கலம்.

"எங்க வீட்டுலயா? கூத்துக்கா பஞ்சம்? இந்தப் படத்துக்குப் பந்து அடிக்கிற சத்தம் வேணும்னு போன வாரம் வீட்டுல எல்லாத்தையும் தட்டிப் பார்த்தாருண்ணே. மேஜை, குக்கர், கதவு. கடைசியில நான் படிச்சிட்டிருக்கேன், பின்னால வந்து என் மண்டையில ரெண்டு தட்டு. 'கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு'ன்னாரு. திரும்பினேன். 'ம்ஹூம், இது சரிவராது'ன்னுட்டுப் போயிட்டாரு."

வெண்கலம் அதிர அதிரச் சிரிக்கிறது. அவளும் சிரித்தாள். மூக்கில் அந்த விக்கல் இன்னும் வரவில்லை.

"இது பரவாயில்ல. எங்கப்பா போன அன்னிக்கு அழுதுட்டு இருக்கேன். இவர் பக்கத்துல வந்து உட்கார்ந்தாரு. கையைப் பிடிச்சுக்குவாருன்னு பார்த்தா, சட்டைப் பாக்கெட்டுக்குள்ள சிவப்பா ஒரு லைட்டு. ரெக்கார்டரு. எனக்கு அப்பவே தெரியும், ஒண்ணும் சொல்லலை. அப்புறம் ஆறு மாசம் கழிச்சு ஒரு படத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு. யாரோ ஒருத்தியோட புருஷன் செத்துட்டான். திரையில அவ அழறா. குரல் என்னோடது. எங்கப்பாவுக்கு அழுதது. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலை. சிரிப்பு வந்துருச்சுண்ணே. தியேட்டரே அழுவுது, நான் ஒருத்தி கர்சீப்பை வாயில அடைச்சிக்கிட்டு..."

அங்கே வந்தது. மூக்கில் விக்கல். அடிவயிறு. மூச்சுத் திணறல், இருமல். "அய்யோ போதும்." நான் பத்து நாளாகப் பொறாமையில் வெந்த சிரிப்பு.

பதிவில் அதற்குப் பிறகு வெண்கலம் சிரிக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. இயக்குநர் பரவசமாகி, "இதுதாம்மா வேணும், இதை வச்சுக்கலாம்!" என்றார். பின்னால் மச்சான் தொண்டையைக் கனைத்தான். அவனுக்கும் அப்பாதானே அவர்.

ஆமாம், பதிவு செய்தேன். அப்படி ஒரு அழுகை யாரை அழவைத்தாலும் கிடைக்காது என்று அந்த நேரத்தில் தோன்றியது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். அவளுக்குத் தெரியாது என்றே இத்தனை வருஷமும் நம்பினேன். தியேட்டரில் கர்சீப்பும் கையுமாக அவள் தோள் குலுங்கியதைப் பார்த்து, என் வேலை அவளை உருக்கிவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொண்டது வேறு. அவளைக் கையும் களவுமாகப் பிடிக்க வந்த நான்தான் மாட்டிக்கொண்டேன்.

அன்று மதியம் எனக்கு வேலை ஓடவில்லை. ஆனாலும் கடைசி ரீல் பாக்கி இருந்தது. மைக்கைப் போட்டுவிட்டு நாடாக் குவியல்மேல் கதாநாயகியின் நடையை நடந்துகொண்டிருந்தபோது கதவு திறந்தது. மனைவி. என் ஸ்டூடியோவுக்கு அவள் வந்து மூன்று வருஷம் இருக்கும்.

"தம்பி சொன்னான்," என்றாள். "ரூம் டோன் கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"நாப்பது நிமிஷமும் கேட்டீங்களா?"

"ஒரு அஞ்சு நிமிஷம். மேலாக."

அவள் குரலை வைத்துப் பிழைக்கிறவள். என் குரலில் இருந்த பொய் அவளுக்குக் கேட்காமல் போகுமா?

"முழுசும் கேட்டேன்," என்றேன். "உன்னைச் சந்தேகப்பட்டேன். வெண்கலத்தோட. தப்புதான். அதைவிடப் பெரிய தப்பு அன்னிக்குப் பண்ணினது. அந்தச் சிரிப்பைப் படத்துல இருந்து எடுக்கச் சொல்றேன். வேற பேசிக்கலாம்."

"இருக்கட்டும். அது நல்லா வந்த டேக்கு." உப்பு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா சொல்லணும்னு இருக்கேன்."

"சொல்லு."

அவள் என் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். மைக் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவள் வந்ததிலிருந்து எல்லாம் உள்ளே போயிருந்தது. சத்தியமாக மறந்துவிட்டேன், ஆனால் நான் சொன்னால் யார் நம்புவார்கள்? போய் நிறுத்தினேன். அவள் கண்முன்னாலேயே அழித்தேன்.

"போனு?" என்றாள்.

சட்டைப் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, அணைத்து, வாசலுக்கு வெளியே செருப்புப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். "வேற?" என்றாள். பாக்கெட் இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டினேன். நாற்பத்தாறு வயசில், பள்ளிக்கூடத்தில் பிடிபட்டவன் மாதிரி நின்றேன். அவள் சிரிக்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டு நாடாக் குவியல்மேலேயே அவள் எதிரில் உட்கார்ந்தேன். ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தாள். நிறைய நேரம் பேசினாள். என்ன பேசினாள் என்று எழுதமாட்டேன்.