கரை ஒதுங்கிய கியர் பாக்ஸ்

"செத்தவன் வண்டியில கழட்டுன சாமான் நம்ம வண்டியில ஏறக்கூடாதுன்னா ஏறக்கூடாது—"

"அத்தை, அது செத்தவன் வண்டின்னு உனக்கு யாரு—"

"யாரு சொல்லணும்? நல்லா ஓடற வண்டியை எவனாவது பிரிச்சு விப்பானா?"

"—சொன்னது? மழைத்தண்ணியில முழுகியிருக்கும். பேப்பர் முடிஞ்சிருக்கும்."

"முழுகுனது மட்டும் என்னா, உயிரோடயா இருக்கும்?"

மெக்கானிக் செல்வகுமார் கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் வைத்தான். "ரெண்டு பேரும் ஒண்ணாப் பேசுனா நான் எதைக் கேக்கறது? காது ரெண்டு இருக்கு. மூளை ஒண்ணுதாம்மா இருக்கு."

"அதுவும் இருக்கான்னு நாலு எடத்துல விசாரிக்கணும்" என்றாள் அஞ்சம்மாள்.

வினோதாவுக்குச் சிரிப்பு வந்தது. அத்தையின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

மூலக்குளத்தில் வில்லியனூர் ரோட்டை ஒட்டிய தகரக் கொட்டகைதான் செல்வகுமாரின் ஒர்க்‌ஷாப். உள்ளே அவர்களுடைய வெள்ளை ஆம்னி வேன் ஜாக்கியில் தூக்கி நின்றது. மாமியாரும் மருமகளும் அதில் மீன் விற்பவர்கள். குருசுக்குப்பத்தில் விடியற்காலையில் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, தெருத்தெருவாகக் கொண்டுபோவார்கள். ஓட்டுவது வினோதா. பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "சங்கரா! காலா! துள்ளுது பாரு, வாம்மா!" என்று கூவுவது அஞ்சம்மாள். ஐஸில் மூன்று மணி நேரம் கிடந்த மீன் எங்கே துள்ளும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

ஒரு மாதமாக வண்டிக்கு மூன்றாவது கியர் நிற்கவில்லை. போட்டால் போட்ட இடத்திலிருந்து தானாக நழுவி வந்துவிடும். "எவனோ கைய வச்சுத் தள்றான்டி" என்பாள் அஞ்சம்மாள். நேற்று முழுசாக மக்கர் பண்ணி, கட்டி இழுத்து வரவேண்டியதாகிவிட்டது.

செல்வகுமார் இரண்டு வழி சொன்னான். கழற்றி வைத்த கியர் பாக்ஸைப் பிரித்து, தேய்ந்த பல்லும் பேரிங்கும் மாற்றி மறுபடி கோர்ப்பது ஒன்று. கம்பெனி அந்த வண்டி செய்வதையே நிறுத்திவிட்டதால் சாமான் தேடிப் பிடிக்கவேண்டும். பத்து நாளும் ஆகலாம், இருபது நாளும் ஆகலாம். இன்னொன்று, பழைய வண்டிகளை உடைக்கும் கடையிலிருந்து நேற்று சாயங்காலம் அவன் எடுத்து வந்திருந்த வேறொரு ஆம்னியின் பாக்ஸ். நல்ல கண்டிஷன். இன்றைக்கே ஏற்றி, இன்றைக்கே ஓட்டிக்கொண்டு போகலாம்.

"எங்க தெருவுல ஆள் தின்ன படகோட பலகையைக்கூட ஒருத்தன் அடுப்புக்கு எடுக்க மாட்டான்" என்றாள் அஞ்சம்மாள். "மணல்ல கெடந்து மக்கட்டும்னு விட்டுடுவாங்க. இரும்புக்கு மட்டும் என்னா, அது தனி சாதியா?"

"இருபது நாள் வண்டி நின்னா இந்தப் பிளாட்டுக்காரங்க பூரா போன்லயே மீன் வாங்கப் பழகிடுவாங்க. அப்புறம் நீ ரோட்டுல நின்னு தொண்டை கிழியக் கத்தினாலும் ஒருத்தி எறங்கி வரமாட்டா."

"என் குரலுக்கு எறங்கி வராதவ எவடி?"

"போன மாசம் அந்த மூணாவது மாடிக்காரி ஜன்னலைச் சாத்துனாளே."

"அவ சைவம்டி!"

செல்வகுமார் நடுவில் புகுந்தான். "ஓட்டப்போறது தங்கச்சி. அது கையில எப்படி இருக்குன்னு பார்க்கட்டும். வாம்மா, பெஞ்சு மேலதான் வச்சிருக்கேன். நான் இந்தப் பக்கம் சுத்தறேன், நீ கியரை மாத்திப் பாரு."

எண்ணெயும் மண்ணும் அப்பிய அந்தப் பாக்ஸ் பெஞ்சின் மேல் ஒருக்களித்துக் கிடந்தது. கியர் மாற்றும் தண்டில் ஒரு ஸ்பேனரை மாட்டி அவள் கையில் கொடுத்தான். பாக்ஸின் மறுமுனைத் தண்டை அவன் சுற்றினான்.

ஒன்று விழுந்தது. இரண்டு விழுந்தது. மூன்றுக்குத் தள்ளினாள்.

உடனே உள்ளே போகவில்லை. வாசல்வரை வந்து செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கிற ஆள்போல ஒரு கணம் நின்றது. பிறகு, அவள் கையை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, உள்ளே போய் உட்கார்ந்தது.

வினோதாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

பிள்ளைச்சாவடிப் பக்கம் சவுக்குத் தோப்பை ஒட்டிய மண் ரோட்டில், கல்யாணமான புதிதில், முகிலன் அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தான். அவள் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டுதான் கியர் மாற்றுவான். "மூணாவது கொஞ்சம் யோசிக்கும். அவசரப்பட்டு இடிக்காத. அதுவா உன்னை இழுத்துக்கும்." எத்தனை நூறு தடவை அந்த இழுப்பை அவள் உள்ளங்கை வாங்கியிருக்கும். கற்றுத் தேறிய பிறகும் அவன் கையை எடுக்கவில்லை. "விடேன், நானே போட்டுக்கறேன்" என்று அவள்தான் தட்டிவிடுவாள்.

அந்த வண்டியோடுதான் அவன் போனான். இருட்டு பிரியாத நேரத்தில், ரோட்டில் விளக்கில்லாமல் நின்ற டிப்பர் லாரியின் பின்னால் மோதி. முன்பக்கம் தகடாக நசுங்கியது. மிச்சத்தை யாரோ இரும்புக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அது போன இடத்தை இரண்டு பெண்களும் விசாரிக்கவில்லை. இப்போது ஜாக்கியில் நிற்பது அதற்கப்புறம் வாங்கியது. அவளுக்கு ஓட்டத் தெரிந்த ஒரே மாதிரி வண்டி என்பதால் மறுபடியும் ஆம்னி.

"எப்படிம்மா இருக்கு? வெண்ணெ மாதிரி இல்ல?" என்றான் செல்வகுமார்.

"வேணாம்ணே." ஸ்பேனரை உருவி வைத்தாள். "நம்ம பாக்ஸையே பிரிச்சு ரெடி பண்ணிடுங்க."

"என்னாது?" என்றாள் அஞ்சம்மாள்.

"இருபது நாள் ஆனா ஆவட்டும். நீ சொன்னதுதான் சரி அத்தை. எவன் வண்டியோ என்னவோ. வா, பஸ்ஸுல போலாம்."

அவள் செய்த பிசகு அதுதான். இந்த ஏழு வருஷத்தில் 'நீ சொன்னதுதான் சரி' என்று ஒரு தடவைகூட அவள் வாயிலிருந்து வந்ததில்லை. ஏலக்கூடத்தில் அடுத்தவள் கண்ணிமைக்கும் தினுசை வைத்தே அவள் எந்தக் கூடைக்குக் கை நீட்டப்போகிறாள் என்று சொல்லிவிடும் அஞ்சம்மாளிடம் போய் அதைச் சொன்னாள்.

"காலையிலேர்ந்து என்னாண்ட மல்லு கட்டுன. இப்ப தொட்டதும் வேணாங்கற. என்னாடி இருக்குது அதுல?"

"ஒண்ணுமில்ல. கியர் கடினமா இருக்குது."

"வெண்ணெங்கறான் அவன்."

"அண்ணனுக்குச் சரக்கு தள்ளணும், சொல்றாரு."

"அட, ஏம்மா என்னை இழுக்கற?" என்றான் செல்வகுமார்.

அஞ்சம்மாள் பெஞ்சருகே போனாள். வினோதா குறுக்கே நகர்ந்து நின்றதைப் பார்த்ததும் அவள் சந்தேகம் தீர்ந்துவிட்டது. மருமகளை ஒரு தோளால் ஒதுக்கினாள். முந்தானையைச் சுருட்டி இரும்பின்மேல் அழுத்தித் தேய்த்தாள். கறுப்பு மண் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அடியில் மஞ்சள் தெரிந்தது. இன்னும் தேய்த்தாள். மஞ்சள் பட்டை, அதன் நடுவில் இரண்டு சிவப்புப் பொட்டு.

அவர்கள் வீட்டுக் குறி அது. குப்பத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று உண்டு. வலை மிதப்பு, துடுப்பு, படகு எஞ்சின் எல்லாவற்றிலும் அடித்துவைப்பார்கள். கடல் இழுத்துக்கொண்டு போய் எந்த ஊரில் ஒதுக்கினாலும் இன்னார் வீட்டுது என்று தெரிந்து கொண்டுவந்து கொடுப்பதற்காக. கிளட்ச் மாற்ற ஒருமுறை இந்தப் பாக்ஸைக் கழற்றியபோது, 'ஒர்க்‌ஷாப்புல மாத்தி வச்சிடுவானுங்க' என்று படகுக்கு அடித்து மிஞ்சின பெயிண்ட்டைக் கொண்டுபோய் முகிலன் இதிலும் அடித்தான்.

"அம்மா, சத்தியமா எனக்குத் தெரியாது" என்றான் செல்வகுமார். "நாலஞ்சு ஒண்ணாக் கெடந்துச்சு. நல்லதாப் பார்த்து எடுத்தேன், அவ்ளோதான்."

அஞ்சம்மாள் அழவில்லை. பொட்டின்மேல் உள்ளங்கையை வைத்தாள். ஜுரம் கண்ட பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல வைத்தாள்.

"சூடா இருக்குதுடி."

கொட்டகையின் அந்த மூலைக்கு வெயிலே வருவதில்லை. வினோதா தொட்டுப் பார்க்கவில்லை.

"ஏத்துப்பா செல்வகுமாரு."

"அத்தை."

"இதையே ஏத்து."

"செத்தவன் வண்டி சாமான் ஏறக்கூடாதுன்னு நீதான சொன்ன? பலகையைக்கூடத் தொட மாட்டோம்னு?"

"அது படகுக்கு. இது குறி போட்டுத் திரும்பி வந்தது. கரை ஒதுங்குனதை வீட்டுக்காரங்க கை நீட்டி வாங்கிக்கணும். வேணாம்னு தள்ளுனா, அடுத்த தடவை கடல் மிச்சம் வைக்காது."

"இது கடல்லேர்ந்தா வந்துச்சு? இரும்புக்கடையிலேர்ந்து வந்துச்சு."

"எங்கேர்ந்து வந்தா என்னாடி? எத்தனை கடை, எத்தனை ஒர்க்‌ஷாப்பு. எல்லாத்தையும் விட்டுட்டு நம்ம வண்டியாண்ட வந்து நிக்குது. ஒரு மாசமா மூணாவது கியரை எவன் தள்ளுனான்னு இப்பத் தெரியுதா? எடம் பண்ணுடான்னு தள்ளியிருக்கான்."

வினோதா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். நழுவும் கியர் தண்டை எத்தனை நாள் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறாள். அப்போது எதிர்ப்பக்கம் இருந்தது யார்?

வீட்டில் அவனுக்கு இன்னும் தட்டு வைக்கப்படுகிறது. சோறு ஆறிய பிறகு அதை வினோதாதான் சாப்பிடவேண்டும். அவன் லுங்கி வாரம் ஒருமுறை துவைத்துக் கொடியில் ஆடுகிறது. காற்றில் கதவு தட்டினால், "முகிலா, தாப்பா போடலடா, தள்ளு" என்று படுத்தபடியே குரல் கொடுப்பாள் அஞ்சம்மாள். வினோதாவே பயந்து எழுந்துபோய்ப் பார்த்த நாள் உண்டு. வாசலில் யாருமில்லை, லுங்கி மட்டும் காற்று நின்ற பிறகும் ஆடிக்கொண்டிருந்தது.

வண்டியில் மட்டும் அவன் இல்லை. மீன் நாற்றம், அத்தையின் கூச்சல், ஹாரன், பேரம், சில்லறைச் சண்டை எல்லாம் உண்டு, அவன் கிடையாது. ஸ்டீயரிங்கைப் பிடித்தால் அவள் கைமேல் வேறு கை இல்லை. காலையிலிருந்து பகல்வரை அவள் உயிரோடு இருந்தது அங்கேதான்.

"நான் ஓட்டமாட்டேன்" என்றாள்.

"ஓட்டாம? சோத்துக்கு?"

"தலையில கூடை தூக்கிட்டுப் போறேன்."

"புருஷன் தேடிக்கினு வந்திருக்கான். கூடை தூக்கறாளாம்." அஞ்சம்மாள் குரல் அப்போதுதான் கொஞ்சம் உடைந்தது. "உன்னைக் கேக்கலடி. எதுவும் கேக்கல. ஒரு ஓரமா அடியில கெடக்கட்டும். சத்தமா போடப்போறான்?"

செல்வகுமார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். எதையாவது செய்தாகவேண்டும்போல, பெஞ்சிலிருந்த பாக்ஸை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி வண்டிக்கடியில் விரித்திருந்த சாக்கின்மேல் கொண்டுபோய் வைத்தான். வைத்த அதிர்வில் உள்ளே ஏதோ மெல்ல நகர்ந்து, யோசித்து, ஒரு இடத்தில் போய் உட்கார்ந்தது. மூவருக்கும் அது கேட்டது.

"பாரு" என்றாள் அஞ்சம்மாள். முகம் முழுக்க வெளிச்சம். ஈரமான கண்ணோடு ஆம்னியின் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தாள். அழுக்கேறிய குஷனைத் தட்டித் தூசி போக்கினாள், வெளியூரிலிருந்து வந்தவனுக்கு இடம் தட்டிப்போடுவதுபோல.

வினோதா அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவரு அங்க வந்து உக்காந்துட்டா, நான் எங்க அத்தை உக்காருவேன்?"