நாலாம் மாடிக் கோட்டு

சேலம் கடைவீதியில் நாலு மாடிக் கட்டிடம் வரப்போகிறது என்று கேட்டபோது பாதிப் பேர் சிரித்தார்கள். அதுவரை அந்தத் தெருவில் இரண்டு மாடிக்கு மேல் எதுவும் இல்லை. அவ்வளவு உயரத்தில் இருந்தால் தூக்கம் வராது என்றார்கள். ஆனால் இது தூங்குவதற்கான வீடு இல்லை. முழுக்க ஆபீசு. கீழே நூல் கிடங்கு, அதற்கு மேல் கணக்குப் பிரிவு, அதற்கும் மேல் வக்கீல்களுக்கும் இன்சூரன்சு ஏஜெண்டுகளுக்கும் வாடகை அறைகள், உச்சியில் கம்பெனி மேனேஜரின் அறை. நூல் வியாபாரி சின்னராஜ் மதராஸில் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, தன் தகப்பனார் கந்தவேலின் பெயரில் இதைத் தொடங்கினார். மேட்டூர் மின்சாரம் வந்த வருஷம் அது.

அவருடைய தலைமைக் குமாஸ்தா குமாரசாமி. கட்டிடத்துக்கு அனுமதி கேட்டு மனு எழுதியதும், இரும்பு உத்தரங்களை ரயிலடியிலிருந்து மாட்டு வண்டிகளில் ஏற்றி வந்ததும் அவர்தான். ஒருநாள் வரைபடத்தை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளி உச்சி அறையில் விரலை வைத்து, "இதுக்கு உன்ன மாதிரி ஆளுதான் வேணும், குமாரசாமி" என்றார். குமாரசாமி அதை வீட்டில் வந்து சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். அவருடைய மனைவி சாரதாமணி, வேலை கிடைத்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டாள். மறுநாள் அம்மாபேட்டைக் குழாயடியில் குடம் நிறைவதற்குள் அதைச் சொல்லியும் விட்டாள்.

முதல் தளம் முடிந்தபோது பூசை போட்டார்கள். கம்பெனி ஆட்களின் வீட்டுப் பெண்கள் எல்லோரும் போயிருந்தார்கள். மேஸ்திரி பச்சமுத்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முதலாளியின் மனைவி ஜானகியம்மாளிடம் வந்தான்.

"அம்மிணி, திருஷ்டிப் பொம்மைக்குப் பழந்துணி ஒண்ணு வேணுமுங்க. ஆம்பளத் துணியா இருந்தாத் தேவலை."

ஜானகியம்மாள் யோசித்தாள். சாரதாமணி முந்திக்கொண்டாள்.

"எங்க ஊட்ல ஒரு கோட்டு இருக்குதுங்கக்கா. அவரு இனி அதப் போடமாட்டாரு. மேல போனா புதுசுதான தைக்கோணும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு சாரதா."

"இதுல யோசிக்க என்னங்கக்கா இருக்குது?"

வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்து வந்தாள். கறுப்புக் கோட்டு. கல்யாணத்துக்குத் தைத்தது. மார்புப் பை கிழிந்த இடத்தில் அவளே ஒரு நீலப் பட்டுத் துண்டை வைத்துத் தைத்திருந்தாள். கறுப்புத் துணி கிடைக்கவில்லை. தறியில் மிச்சம் விழுந்த துண்டு கையில் இருந்தது. அந்த நீலத்தை வைத்துத்தான் தெருவில் குமாரசாமியை அடையாளம் சொல்வார்கள்.

பச்சமுத்துவின் ஆட்கள் வைக்கோலை அடைத்து, கரிப் பானைக்குச் சுண்ணாம்பால் கண்ணும் மீசையும் வரைந்து தலையாக வைத்து, பொம்மையைச் சாரத்தில் தெருவைப் பார்க்கத் தொங்கவிட்டார்கள்.

குமாரசாமி அப்போது நூல் கொள்முதலுக்காக மதுரை போயிருந்தார். திரும்பி வந்த அன்று கைகால் கழுவிக்கொண்டே கேட்டார்.

"ஏஞ்சாரதா, எனக்கு முன்னாடி என் கோட்டு வேலைக்குச் சேந்துருச்சாட்ட இருக்குது?"

"நாந்தான் குடுத்தனுங்க. உங்களுக்குப் புதுசு தைக்கலாம்னு."

"அது செரி. ஆனா அவன் மீசை என்னோடத விடப் பெரிசு."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அந்த வாரத்தோடு முடிந்தது. பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் குழாயடியில் அவளை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"உங்கூட்டுக்காரரு துணியவா குடுத்தே? எங்க அண்ணன் ஊடு கட்டறப்ப சந்தையில கந்தல் வாங்கித்தான் மாட்டுனாங்க. உசுரோட இருக்கறவிய துணிய ஆராச்சும் மாட்டுவாங்களா? ஊரு கண்ணு பூராவும் அதுமேலதான உழுகும்?"

சாரதாமணிக்குத் தெரியவில்லை. அவள் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் தறி உண்டு; சொந்தச் சுவர் கிடையாது. வாடகை வீடுகளிலேயே மூன்று தலைமுறை போய்விட்டது. கட்டிடம் கட்டுகிறவர்களின் பழக்கங்களைச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. ஜானகியம்மாளுக்குத் தெரிந்திருக்கும். அவள் ஏன் யோசித்தாள் என்பது இப்போதுதான் புரிந்தது.

கட்டிடம் ஏற ஏறப் பொம்மையையும் மேலே மாற்றிக் கட்டினார்கள். மூன்றாம் தளத்தில் இருந்தபோது ஒருநாள் குமாரசாமி சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"மெட்ராஸ்லருந்து மேனேஜர் வாராரு."

"உங்கள மாதிரி ஆளுதான் வேணும்னாரே?"

"என்ன மாதிரியே ஒருத்தரு கெடச்சிட்டாரு போல. பி.ஏ. படிச்சவரு." மோரை ஊற்றிக்கொண்டார். "நான் கணக்குலயேதான் இருப்பேன்."

புதுக் கோட்டு தைப்பதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. அவர் சட்டைமேல் துண்டு போட்டுக்கொண்டு போனார். தலைமைக் குமாஸ்தா கோட்டில்லாமல் போவதைத் தெரு பார்த்தது, கடைவீதியும் பார்த்தது. அங்கே பொம்மைக்கு "மேனேஜர்" என்று பெயர் வைத்திருந்தார்கள். கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் காலையில் வந்ததும் அண்ணாந்து பார்த்து "வணக்கமுங்க மேனேஜரே" என்று கும்பிடுவார்கள். "மேனேஜரு மேல காத்து வாங்கறாரு, குமாஸ்தா கீழ வேகறாரு" என்று ஒரு வெற்றிலைக் கடைக்காரர் சொன்னது அம்மாபேட்டை வரைக்கும் வந்தது. குமாரசாமியும் ஒருநாள் எல்லோரோடும் சேர்ந்து பொம்மைக்குக் கும்பிடு போட்டாராம். அதைக் கேட்ட அன்று சாரதாமணி அடுப்பை மூட்ட வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். அதன் பிறகு குழாயடியில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தண்ணீருக்குப் போனாள்.

நாலாம் தளமும் முடிந்தது. தை மாதம் திறப்பு விழா. சாரதாமணி துணிந்து ஜானகியம்மாளின் வீட்டுக்குப் போனாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அந்தக் கோட்டத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்கக்கா. வேற துணி நான் தர்றேன்."

"கட்டுன பொம்மைய அவுக்கக் கூடாது கண்ணு. தொறப்பன்னிக்கு எறக்கி, வெளக்குமாத்துல அடிச்சு, இழுத்துட்டுப் போயி முச்சந்தில கொளுத்துவாங்க. அதோட தீந்துரும்."

"வெளக்குமாத்துலீங்களா?"

"பின்ன? பட்ட கண்ணு போகோணுமல்ல?"

"அது அவரு கோட்டுன்னு எல்லார்த்துக்கும் தெரியுங்கக்கா. அவரு அங்கயேதான நிப்பாரு."

ஜானகியம்மாள் வெற்றிலைக் காம்பைக் கிள்ளினாள். "அன்னிக்கே யோசிச்சுச் சொல்லுன்னனே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று சாரதாமணிக்கு இருந்தது.

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் அவள் கடைவீதிக்குப் போனாள். சாரத்தைப் பிரித்திருந்தார்கள். பொம்மை மட்டும் உச்சிக் கைப்பிடிச் சுவரில் ஒரு கழியில் தொங்கியது. ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அவள் பக்கவாட்டு வாசலில் நுழைந்து படியேறினாள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் சித்தாள் பழனியம்மாள் தலையில் காரைச் சக்கைக் கூடையோடு இறங்கி வந்தாள். சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள்.

"பாத்துப் போங்கம்மிணி. படிக்குக் கைப்பிடி இன்னும் வெக்கில."

சாரதாமணி தலையை மட்டும் அசைத்தாள்.

மேலே காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. வடக்கே சேர்வராயன் மலை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரிந்தது. மேனேஜர் அறையின் கதவு திறந்து கிடந்தது. புதுச் சுண்ணாம்பு வாசனை. அவள் உள்ளே பார்க்கவில்லை. கயிற்றை இழுத்துப் பொம்மையைச் சுவருக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தாள். வெயிலில் கறுப்பு வெளிறிச் செம்மண் நிறமாகியிருந்தது. நீலம் ஏனோ அவ்வளவு மங்கவில்லை. பொத்தான்களைக் கழற்றினாள். வைக்கோல் காலடியில் கொட்டியது. கோட்டைச் சுருட்டி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, பொம்மையை அப்படியே மறுபடி வெளியே தள்ளிவிட்டு இறங்கினாள். வீட்டில் விறகுக் கட்டுக்குப் பின்னால் கோட்டை ஒளித்து வைத்தாள்.

காலையில் பெண்கள் கட்டிட வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் பச்சமுத்து மேலே பார்த்தான். வெறும் குச்சியும் நாலு வைக்கோலும் பானைத் தலையும் தொங்கின. அவன் போட்ட சத்தத்தில் முதலாளியே வெளியே வந்துவிட்டார்.

"திருஷ்டிய அவுத்துட்டானுகளா? இன்னிக்குப் பாத்தா? எவன்டா அது?" என்றார்.

கூட்டத்தில் ஒருவன், மத்தியானம் பழனியம்மாள் மேலே இருந்தாள் என்றான். பச்சமுத்து அவளை முன்னால் தள்ளினான்.

"துணிக்கு ஆசப்பட்டு எடுத்தியா?"

"நான் எடுக்கலீங்க."

"வேற ஆரு மேல வந்தா?"

பழனியம்மாள் நிமிர்ந்தாள். கையில் கோலப் பொடியோடு நின்ற சாரதாமணியை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"தெரியாதுங்க சாமி."

"தெரியாதா? இனி எங்க ஆளுக செட்டு பக்கம் வராதே. போ."

சாரதாமணிக்கு வாய் திறக்க வேண்டும் என்று தெரிந்தது. விரல்களின் இடையே பொடி ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான்தான் என்று ஒரு சொல். அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதைச் சொல்ல, குழாயடியில் சொன்னதிலிருந்து தொடங்க வேண்டும்.

"அந்தம்மாவ விடுங்க. நாந்தாங்க எடுத்தேன்."

வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்த குமாரசாமி ஏணியிலிருந்து இறங்கி வந்தார்.

"நீயா?" என்றார் முதலாளி. "எதுக்குப்பா?"

"இன்னிக்குப் போட்டோ எடுக்கறாங்கல்லங்க? கோட்டில்லாம நிக்கறதுக்கு ஒருமாதிரியா இருந்துச்சுங்க. என்னோடதுதான, போட்டுக்கலாம்னு."

முதலில் ஒருவன் சிரித்தான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியின் கோபமும் சிரிப்பில் போய்விட்டது. அவர் குமாரசாமியின் தோளில் கைபோட்டார்.

"அடப்பாவி மனுசா, எங்கிட்டக் கேட்டிருந்தா ஒண்ணு குடுத்திருக்க மாட்டனா? பொம்மைகிட்டப் போயா வாங்குவே? ஜானகி, ஊட்ல அந்தப் பழுப்புக் கோட்டு கெடக்குதல்ல, எடுத்தாரச் சொல்லு."

கோட்டு வரும்வரை குமாரசாமி அதே இடத்தில் நின்றார். முதலாளி பெரிய உடம்புக்காரர். குமாரசாமி போட்டுக்கொண்டபோது கை நீண்டு விரல்களை மூடியது.

"இன்னும் கொஞ்சம் வளரோணும், குமாரசாமி" என்று யாரோ சொன்னார்கள்.

"மாடி ஏறுனா வளந்துருவனுங்க" என்றார் அவர். அதற்கும் சிரித்தார்கள்.

பொம்மைக்குச் சாக்கைக் கட்டி இறக்கினார்கள், விளக்குமாற்றால் அடித்தார்கள், முச்சந்தியில் கொளுத்தினார்கள். புது மேனேஜர் மெலிந்தவர், மூக்குக் கண்ணாடி போட்டவர். இதெல்லாம் எதற்கு என்று கேட்டுக்கொண்டே போட்டோவுக்கு நடுவில் நின்றார். குமாரசாமி ஓரத்தில் நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ளும்படி போட்டோக்காரர் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது அவர் முன்னால் நடந்தார். அம்மாபேட்டை திரும்புகிற இடத்தில்தான் வாய் திறந்தார்.

"காலைல வெந்தண்ணிக்கு வெறகு எடுத்தேன்" என்றார், திரும்பாமலே.

அவள் நடையைக் குறைத்தாள்.

"நீ எனக்காகத்தான் பண்ணுனே. அது எனக்குத் தெரியும். ஆனா அந்தப் பழனியம்மாகிட்ட நீயே போயி ஒரு வார்த்தை சொல்லோணும்."

"சொல்றனுங்க."

மறுநாள் போனாள். சாரக் கழிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கட்டிட ஆட்கள் விடியற்காலையே மேட்டூருக்குப் போய்விட்டார்கள், அங்கே ஏதோ ஆலை கட்டுகிறார்கள் என்றான் காவற்காரன். பழனியம்மாளைச் சேர்த்துக்கொண்டார்களா என்று கேட்டாள். அவனுக்கு அந்தப் பெயரில் யாரையும் தெரியவில்லை.

கட்டிடத்துக்குள் ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். ஜலகண்டாபுரத்திலிருந்து வந்த நெசவாளர்கள் இரண்டு பேர் முதல் படிக்குக் கீழே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறினார்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்று கீழே யாரோ சொன்னார்கள், அவர்கள் கேட்கவில்லை.

மேட்டூருக்குப் பஸ் எங்கே நிற்கும் என்று சாரதாமணி விசாரித்துத் தெரிந்துகொண்டாள். அந்த வாரம் போகவில்லை. அடுத்த வாரம் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். அதற்கடுத்த வாரம் போகாமல் இருக்கக் காரணம் எதுவும் இல்லை, இருந்தும் போகவில்லை. போய்க் கண்டுபிடித்தாலும் எதிரே நின்று எந்த முகத்தோடு பேசுவது என்று தெரியவில்லை.

ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது குமாரசாமி கேட்டார்.

"அந்தப் பழனியம்மாகிட்டச் சொல்லிட்டியா?"

அவள் அந்தப் பழுப்புக் கோட்டின் கையை உள்ளே மடித்துத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டனுங்க" என்றாள்.

"என்ன சொல்லுச்சு?"

"பரவால்லீன்னு சொல்லுச்சுங்க."

"நல்ல மனுசி" என்றார் அவர். கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு கடைவீதிக்குக் கிளம்பினார்.